அண்ணி சொல்லாத பொய்

நாத்தனார் வாயால் நல்ல பெயர் வாங்கிய அண்ணிகள் உலகத்தில் அதிகம் இருக்க முடியாது. என் அண்ணி வாங்கியிருக்கிறாள். சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை. வருஷக்கணக்காக அவளோடு மல்லுக்கட்டி, வேறு வழியே இல்லாமல் கொடுத்தது. இதைப் படித்துவிட்டு அவளுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்ற பயமும் எனக்கு இல்லை. நான் எழுதுவதை அவள் படிக்க மாட்டாள். "நீ பேசுறதைக் கேக்குறதே எனக்குப் போதும்" என்பாள்.

நாங்கள் இருவரும் ஒரே இடத்தில்தான் வேலை பார்க்கிறோம். டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனி. ஊரில் பாதி வீடுகளுக்கு எங்கள் கம்பிதான் போகிறது. படி ஏறினால் ரப்பர் வாசனை மூக்கைத் துளைக்கும். கதவைத் திறந்தால் ஏசி குளிர் முகத்தில் அடிக்கும். முன்னறையில் என் மேசையும் புகார் போனும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அண்ணியும் அவளுடைய இயந்திரங்களும். நெட் வரவில்லை என்பவர்களிடம் திட்டு வாங்குவது என் வேலை. பெயர்களுக்கு வழி சொல்வது அவள் வேலை.

அதைக் கொஞ்சம் விளக்கினால்தான் மேலே சொல்ல முடியும். நீங்கள் போனில் ஒரு இணையப் பக்கத்தின் பெயரைத் தட்டுகிறீர்கள். வெறும் பெயரை வைத்துக்கொண்டு போனால் எங்கும் போக முடியாது. அதற்கு ஒரு எண் வேண்டும். 'இந்தப் பெயர் எங்கே இருக்கிறது?' என்று உங்கள் போன் எங்கள் இயந்திரத்தைக் கேட்கும். இயந்திரம் விசாரித்து எண்ணைச் சொல்லும். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த இயந்திரம் நினைத்தால் தப்பான எண்ணைச் சொல்லி உங்களை வேறு எங்காவது கொண்டுபோய்த் தள்ளலாம். அப்படி ஒரு பெயரே கிடையாது என்று சாதிக்கலாம். நீங்களும் நம்பிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள்.

பாங்க் மாதிரி வேஷம் போட்டுக் கார்டு எண்ணைப் பிடுங்கும் பக்கங்கள் உண்டல்லவா, அவற்றுக்கான வழியை அண்ணி மறித்துவிடுவாள். ஆனால் மறைத்து மறிக்க மாட்டாள். அந்தப் பெயரைத் தட்டினால் எங்கள் அறிவிப்பு வரும்: 'இந்த வழியை மறித்திருப்பது நாங்கள்தான், காரணம் இது, தவறு என்றால் கூப்பிடுங்கள்.' கூப்பிட வேண்டிய எண் எதுவென்று கேட்கிறீர்களா? என்னுடையது! அவளுடைய நேர்மைக்குப் பாட்டு வாங்குவது நான்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. தனியாக எதையும் மறிக்க மாட்டாள். கம்பெனியில் இரண்டு பேராவது சம்மதிக்க வேண்டும். விஷயத்தில் சம்பந்தப்பட்டவர்களுக்கு ஓட்டு கிடையாது. ஒருமுறை யாரோ எங்கள் வேகத்தை ஆமையோடு ஒப்பிட்டு ஒரு பக்கமே போட்டிருந்தான். நன்றாகத்தான் எழுதியிருந்தான், நானே சிரித்தேன். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது.

"இதை உடனே மறிம்மா."

"உங்களுக்கு இதுல ஓட்டு இல்ல சார்."

"கம்பெனியே என்னோடதும்மா!"

"அதனாலதான் சார் இல்ல."

மனுஷர் வேலையை விட்டுத் தூக்கிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் தண்ணீர் குடித்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். ஆமைப் பக்கம் இன்றைக்கும் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அண்ணிக்கு ஒரே மகள். வீட்டில் அவளை வாலு என்று கூப்பிடுவோம். பல் டாக்டருக்குக் கடைசி வருஷம் படிக்கிறாள். வீட்டில் எல்லார் வாயையும் திறக்கச் சொல்பவள், என்னை மட்டும் "அத்தை, நீ கொஞ்சம் மூடு" என்பாள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் மத்தியானமே காலேஜிலிருந்து வந்து, யாரிடமும் பேசாமல், போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாம் தெரியாத எண்கள். நான் ஒன்றை எடுத்தேன். ஒரு ஆண் குரல் கேட்ட கேள்வியை இங்கே எழுத மாட்டேன்.

யாரோ அவள் முகத்தை வெட்டி வேறு உடம்புகளில் ஒட்டி, படங்களை ஒரு பக்கத்தில் போட்டிருந்தான். கீழே அவள் போன் எண், காலேஜ் பெயர். யார் அவன் என்று பிற்பாடு தெரிந்தது. அந்தப் பயலைப் பற்றி எழுதி என் பேனாவை அசிங்கப்படுத்திக்கொள்ள மாட்டேன்.

வெள்ளிக்கிழமை அவளுக்குச் செய்முறைப் பரீட்சை. அன்றைக்குப் போகாவிட்டால் ஒரு வருஷம் வீண்.

"நான் போகல" என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து.

"வருஷம் போயிடும்டி" என்றேன்.

"போகட்டும். இனிமே எங்கயும் போகல."

அண்ணி போலீஸில் புகார் கொடுத்தாள். படங்கள் இருந்த பக்கத்தை நடத்துகிறவர்களுக்கு எழுதினாள். 'உங்கள் புகார் வரிசையில் உள்ளது' என்று பதில் வந்தது. வரிசையில் நிற்க இதென்ன சினிமா டிக்கெட்டா? என் அண்ணன் சரக்கு லாரியோடு எங்கோ பாதி வழியில் இருந்தான். போனில் அவன் போட்ட சத்தத்துக்கு லாரியே பயந்திருக்கும்; வேறு பிரயோஜனம் இல்லை.

மறுநாள் காலை ஆபீஸில் கண்ணாடித் தடுப்பைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"அண்ணி, மறிங்க. நம்ம ஊர்ல யாரும் பாக்கக் கூடாது."

அவள் கண்கள் வீங்கியிருந்தன. திரையை என் பக்கம் திருப்பினாள்.

"அது தனிப் பேரா இருந்தா பரவால்ல. ஓசியில பக்கம் போட்டுத் தர்ற இடம் இது. ஆயிரக்கணக்கான பேர் ஒரே பேருக்குக் கீழ இருக்காங்க. என் மெஷினுக்குத் தெருப் பேர்தான் தெரியும், கதவு நம்பர் தெரியாது. மறிச்சா மொத்தத் தெருவையும் மறிக்கணும்."

"மறிங்களேன்!"

"இங்க செருப்புக் கடைக்காரர் ஒருத்தர் இருக்கார். பாட்டு டீச்சர் இருக்காங்க. காது கேக்காத பிள்ளைங்க பள்ளிக்கூடம் இருக்கு. வீட்டுல அடி வாங்குற பொம்பளைங்களுக்கு உதவுற குழு ஒண்ணு இருக்கு. இவங்கெல்லாம் என்ன பண்ணாங்க?"

"கொஞ்ச நாள் காத்திருக்கட்டும். உங்க பொண்ணு அங்க கதவைச் சாத்திட்டு கிடக்கா, நீங்க செருப்புக் கடைக்காரருக்காகக் கவலைப்படுறீங்க."

"எனக்கு இதுல ஓட்டு இல்லம்மா. உனக்கும் இல்ல. நீ அத்தை."

"ஓட்டு வேணாம், கத்துறதுக்காவது உரிமை இருக்கில்ல?" என்று கத்தினேன். அதில் குறை வைக்கவில்லை.

மிச்சம் இருந்தது முதலாளியும், கம்பி இழுக்கும் ஏணி அண்ணனும். தோளில் ஏணி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை, பெயரே அதுவாகிவிட்டது. விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் "மறிங்க" என்றார். முதலாளி ஆமை விவகாரத்தை மனசில் வைத்துக் குத்துவார் என்று பார்த்தேன். அவர் குத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நம்ம வீட்டுப் பொண்ணும்மா. மறி" என்றார். அன்றைக்குத்தான் அவரை எனக்குப் பிடித்தது.

"ஆனா அந்த அறிவிப்புப் போர்டு எதுவும் வேணாம்" என்றார் தொடர்ந்து. "போர்டு போட்டா என்னது என்னதுன்னு நாலு பேர் தோண்டுவான். அப்படி ஒரு பேரே இல்லைன்னு சொல்லிடு. சத்தமில்லாம முடிஞ்சிரும்."

எங்கள் எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. அண்ணி மட்டும் நாற்காலியின் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கிற பேரை இல்லைன்னு சொன்னா அது பொய் சார்."

எனக்கு வந்த கோபத்தில் அவளை உலுக்கியிருப்பேன். "பெத்த பொண்ணுக்காக ஒரு பொய் சொல்ல மாட்டீங்களா அண்ணி? என்ன ஜென்மம் நீங்க?"

"சொல்லுவேன். என்கிட்ட வந்து யாராவது கேட்டா, என் வாயால ஆயிரம் பொய் சொல்லுவேன். ஆனா இந்த மெஷின் என் வாய் இல்ல. ஊரே நம்பி இதுகிட்ட கேக்குது. இன்னைக்கு என் பொண்ணுக்காகப் பொய் சொல்லிப் பழகிட்டா, நாளைக்கு வேற யாருக்காகவோ சொல்லும். எதுக்காக சொல்லுதுன்னு யாருக்கும் தெரியாது."

"அப்போ போர்டுல என்னன்னு எழுதுவீங்க?"

"தெரியல" என்றாள். "அவகிட்டதான் கேக்கணும்."

அதுவரை எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அந்தப் பெண்ணைக் காப்பாற்ற ஆளுக்கு ஆள் குதித்தோம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அண்ணி உடனே வீட்டுக்குக் கிளம்பினாள். நானும் பின்னாலேயே போனேன். அறைக் கதவுக்கு முன்னால் அண்ணி தரையில் உட்கார்ந்துகொண்டாள். கதவைத் தட்டவில்லை. உள்ளே இருப்பவளுக்குக் கேட்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னாள். மறித்தால் யார் யாருக்கு வழி அடைபடும், அறிவிப்பு போட்டால் என்ன பேச்சு வரும், போடாமல் இல்லை என்று சொல்லிவிட்டால் எவ்வளவு சுலபம், எதையும் விடவில்லை. கடைசியில், "எனக்கும் பொய் சொல்லிடலாம்னுதான் இருக்கு, கண்ணு. அதை மறைக்கல. நீ என்ன சொல்றே?" என்று கேட்டாள்.

சமையலறையில் குழாய் சொட்டுவது கேட்டது. பிறகு கதவு திறந்தது. வாலுவின் தலைமுடி கலைந்துகிடந்தது.

"அது இல்லைன்னு சொன்னா, நான் ஏதோ தப்பு பண்ணி ஒளிச்ச மாதிரி இருக்கும்மா. தப்பு பண்ணவன் வேற ஆளு. பேப்பர் கொடு, நான் எழுதறேன்."

அவள் எழுதியது இதுதான்: 'இந்த வழியை நாங்கள் மறித்திருக்கிறோம். இங்கே ஒரு பெண்ணின் முகத்தை வேறு உடம்புகளில் ஒட்டிய பொய்ப் படங்கள் உள்ளன. அவற்றை எடுக்கும்வரை வழி திறக்காது. இதே பெயரில் பக்கம் வைத்திருக்கும் மற்றவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம். அவசரம் என்றால் கூப்பிடுங்கள்.'

அண்ணி ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அன்று மாலையே வழி மறிக்கப்பட்டது.

வியாழக்கிழமை வாலு எங்களோடு ஆபீஸுக்கு வந்தாள். வீட்டில் இருந்தால் அடிக்காத போனும் அடிப்பது போலக் காதில் கேட்கிறது என்றாள். முகத்தை மூடும் அளவுக்குத் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, என் மேசைக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பரீட்சைப் பேச்சை எடுத்தால் எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டாள்.

போன்கள் வந்தன. பாட்டு டீச்சர் கூப்பிட்டு, காரணத்தைக் கேட்டுவிட்டு, "பாவம் அந்தப் பொண்ணு, எத்தனை நாளானாலும் இருக்கட்டும்" என்றார். செருப்புக் கடைக்காரர் வியாபாரம் படுத்துவிட்டது என்று ஒரு பாட்டம் திட்டிவிட்டு, அவன் கையில் கிடைத்தால் செருப்பு மட்டும் தன் கணக்கில் என்றார். ஒருவன் அந்தப் படங்களை வேறு எங்கே பார்க்கலாம் என்று இளித்தான். அவனுடைய மூன்று தலைமுறையை நான் விசாரித்து அனுப்பினேன்.

அப்புறம் அந்தப் போன் வந்தது. கைக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். முதலில் தண்ணீர் விழும் சத்தம். அதற்கு அடியில் ஒரு பெண்ணின் ரகசியக் குரல்.

"அக்கா, அந்தப் பக்கம் வரலயே. உதவி பண்றவங்க பக்கம். அதுலதான் நம்பர் இருக்கு."

"மன்னிச்சுக்கோங்கம்மா, நம்பரை எழுதி வச்சிருக்கலையா?"

"எழுதி வச்சா இவர் பாத்துடுவார். போனையும் தினம் பாப்பார். ஒவ்வொரு தடவையும் பக்கத்தைத் தேடித்தான் எடுப்பேன். இப்போ குளிச்சிட்டிருக்கார். சீக்கிரம்."

வாலு ஏற்கனவே எழுந்துவிட்டாள். அண்ணியின் மேசையில் ஒரு கணினி மட்டும் சோதனைக்காக எங்கள் மறிப்பில் சிக்காமல் வெளி வழியில் போகும். வாலு அம்மாவைத் தள்ளிவிட்டு அதில் தேடினாள். தன் படங்கள் இருக்கும் அதே பெயருக்குள் போய், அந்தக் குழுவின் பக்கத்தை எடுத்தாள். பின்னாலேயே ஓடிய என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அக்கா, சொல்றேன், எழுதிக்கோங்க."

"எழுத முடியாது. சொல்லும்மா, மனப்பாடம் பண்ணிக்கறேன்."

வாலு ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். அந்தக் குரல் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னது, வாய்ப்பாடு ஒப்பிக்கும் குழந்தையைப் போல. பாதி எண்ணைத் தாண்டியிருப்பார்கள். தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றது. போனும் நின்றது.

வாலு போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வந்த எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிடக் கை வைத்தவளை நான் தடுத்தேன். அந்த வீட்டில் இப்போது போன் அடித்தால் யார் எடுப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

"அம்மா" என்றாள். "திற."

அண்ணிக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டாள். "எதை?"

"வழியைத் திறம்மா. மறுபடி சந்தர்ப்பம் கிடைச்சா இங்க கூப்பிட்டுக் கேக்க அந்த அக்காவுக்கு நேரம் இருக்காது. பக்கத்தைத்தான் தேடுவாங்க. மீதி நம்பரை அவங்களுக்கு யார் சொல்றது?"

"படமெல்லாம் இன்னும் அப்படியே இருக்குடி."

"தெரியும்."

"திறந்தா ஊர் முழுக்கப் பாக்கும்."

"பாக்கட்டும். அது பொய்னு சொல்றதுக்கு நான் உயிரோட இருக்கேன்ல."

வேண்டாம் என்று நான் சொன்னேன். முதலாளி அறைக்கு வெளியே வந்து, இன்னும் ஒரு நாள் பார்க்கலாமே என்றார். ஏணி அண்ணன் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணி யாரையும் பார்க்கவில்லை, மகளை மட்டும் பார்த்தாள். முதலாளியையே எதிர்த்து நின்றவள், பொய் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் நிமிர்ந்து பேசியவள், அப்போது ஒரு சின்னப் பெண்ணைப் போல அழுதாள். அழுதுகொண்டே விசைப்பலகையை இழுத்தாள். ஒரு வரியைத் தட்டுவதற்கு இரண்டு மூன்று தடவை தப்புச் செய்து அழித்தாள். அவளுடைய விரல்கள் தடுமாறி நான் பார்த்ததே இல்லை.

"திறந்துட்டேன்" என்றாள்.

எத்தனையோ பேர் தைரியசாலி என்று பெயர் எடுத்திருக்கிறார்கள். எனக்கு அன்றைக்கு அந்தக் கண்ணாடித் தடுப்புக்குள் இருந்த இரண்டு பேரைவிடப் பெரிய ஆள் யாரையும் தெரியாது. இதை நாத்தனார் என்ற பதவியிலிருந்துகொண்டுதான் சொல்கிறேன்.

அந்தப் பெண் பிறகு கூப்பிடவில்லை. உதவிக் குழுவுக்கு அண்ணி போன் செய்து நடந்ததைச் சொன்னாள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று தாங்கள் வெளியே சொல்வதில்லை என்றார்கள். அதுதான் சரி என்று அண்ணி சொன்னாள். எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை. படங்களை அந்தப் பக்கத்துக்காரர்கள் எடுத்தது ரொம்ப நாள் கழித்துத்தான்.

வெள்ளிக்கிழமை காலை வாலு வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். துப்பட்டா தோளில் இருந்தது. யாரும் கூட வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நானும் அண்ணியும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் ஒரு மருந்துக் கடைக்குள் போய் நின்றுகொண்டோம். எதுவும் வாங்காமல் நிற்கிற எங்களைக் கடைக்காரர் முறைத்தார்.

நிறுத்தத்தில் இரண்டு பையன்கள். ஒருவன் போனைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான், பக்கத்தில் இருந்தவனை முழங்கையால் இடித்தான். நான் கடைப்படி இறங்கிவிட்டேன். அண்ணி என் புடவையைப் பிடித்து இழுத்தாள். வாலு அவர்கள் பக்கம் திரும்பினாள். பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. ஒன்றோ இரண்டோ வார்த்தைதான் இருக்கும். நேராக முகத்தைப் பார்த்துச் சொன்னாள். பையன் போனைப் பைக்குள் போட்டான். பஸ் வந்தது. அவள் முன்வாசல் வழியாக ஏறி, எல்லாரும் பார்க்கிற மாதிரி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள்.

அண்ணியின் கை என் புடவையை இன்னும் விடவில்லை. இந்த வீட்டுக்கு அவள் வந்த இத்தனை வருஷத்தில் அந்தக் கையை நான் பிடித்ததே கிடையாது. பிடித்துக்கொண்டேன்.

"ஒரு பொய் சொல்லியிருக்கலாமோடி?" என்று கேட்டாள்.

"இல்ல அண்ணி" என்றேன். "அவ போறா பாருங்க."